தலை சுத்துதுன்னு சொன்னது யாரு?

தலைசுற்றலுக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கிறுகிறுப்பு, கிறக்கம், மயக்கம், தலைச்சுற்று, கண்ணைக் கட்டுது, கண் இருட்டிக்கிட்டு வருது, ஆளைத் தள்ளுது. இவையெல்லாம் ஒன்றல்ல. கண் இருட்டுவது வேறு, அறை சுழல்வது வேறு, நடக்கும்போது தள்ளாடுவது வேறு. நம் வீடுகளில் இந்தச் சொற்களை அதிகம் சொல்கிறவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் கொஞ்சம்தான். "காலைல சாப்பிட்டியா?" "ரத்தம் கம்மியா இருக்கும்." "பித்தம்." "வயசாகுதுல்ல." கல்யாணமாகிப் புதிது என்றால் இன்னொரு பதிலும் உண்டு. சினிமாவில் கதாநாயகி தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் போதும், ஒரு பாட்டி நாடி பிடித்துப் பார்த்து எல்லாருக்கும் சர்க்கரை கொடுப்பாள். அந்தப் பெண்ணுக்குக் காதில் கோளாறு என்று ஒரு படத்திலாவது யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஓர் ஆண் தலை சுத்துது என்றால் என்ன நடக்கும் என்பதைப் போன அக்டோபரில் கொடைக்கானலில் பார்த்தேன்.

அந்த ஆண் என் கணவர். இணையர் என்று எழுதினால் என் மாணவிகளுக்குப் பிடிக்கும். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் எனக்கு 'அவர்' என்றுதான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

காலாண்டு விடுமுறையில் நான்கு நாள். பிள்ளைகள் இல்லாமல், அத்தை இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம். 'போனோம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பால்காரரை நிறுத்த வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், அதை எடுக்க வேண்டும். எழுபத்தெட்டு வயது அத்தையை ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் வீட்டில் விட வேண்டும். அதற்கு நாத்தனாரிடம் இரண்டு மாதம் முன்பே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அத்தைக்காக ஒரு முழுத் தாள் எழுதிக் கொடுத்தேன். எந்த மாத்திரை எப்போது. இரவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுப்பார். பரணில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லாதே, மேலே பார்த்தால் தலை சுற்றும். எழுந்ததும் ஐந்து நிமிடம் கட்டிலிலேயே உட்காரவிடு. நாத்தனார் தாளை மடித்து வைத்துவிட்டு, "அம்மாவுக்கு எப்பவும் இருக்கிறதுதானே அண்ணி" என்றாள்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு, அப்புறம் மலை. அவர்தான் ஓட்டினார். முதல் நாள் மாலை ஏரியைச் சுற்றி நடந்தோம். இரவு யாரோ சமைத்த சப்பாத்தியை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள், யாரோ தட்டை எடுத்துப் போனார்கள். அதற்காகத்தான் நான் வந்திருந்தேன். மலையெல்லாம் அப்புறம்தான்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு, சூரிய உதயம் பார்க்க வைத்த அலாரம் அடித்தது. அதை நிறுத்த அவர் வலப்பக்கம் புரண்டார். அடுத்த நொடி "ஏய், ஏய்" என்று ஒரு சத்தம், அவர் குரல் மாதிரியே இல்லை. விளக்கைப் போட்டேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ரூம் சுத்துது. என்னைப் பிடி, விழறேன்." படுத்திருக்கிற மனிதர் எங்கே விழுவார்? ஆனால் அந்தக் கையில் இருந்த இறுக்கம் நிஜமாகவே விழுகிறவரின் இறுக்கம். அப்புறம் வாந்தி. பனியன் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினாலும் சுற்றுகிறது, திறந்தால் சுவர் ஓடுகிறது என்றார்.

எனக்கு முதலில் வந்தது பயம். பக்கவாதமோ என்று. "சிரிங்க" என்றேன். "இப்பவா?" என்றார். சிரித்தார், வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார். ஞாயிறு, திங்கள் சொல்லச் சொன்னேன், சனி வரைக்கும் குழறாமல் சொன்னார். கணக்கு டீச்சர், கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் போகாது. ஒவ்வொரு முறை சுற்றியபோதும் பார்த்தேன். முக்கால் நிமிடம், அதற்குள் அடங்கியது. தலையை அசைத்தால் மறுபடி.

இரண்டாவதாக வந்தது கோபம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் கோபம் வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பொறுமையைப் பற்றித்தான் பேசுவார்கள். குளியலறையில் வாளியை அலசிக்கொண்டிருந்தபோது, நான்கே நாள் கேட்டேன், அதில் மூன்றரை போச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்மேல் கோபமில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்கு வாயைத் துடைத்துவிட்ட அதே கையோடுதான் அந்தக் கோபமும் இருந்தது. ஒன்று இருந்ததால் மற்றது குறையவில்லை.

நான் மேனேஜரைக் கூப்பிட்ட பத்து நிமிடத்தில் அறை நிறைந்துவிட்டது. மேனேஜர், ரூம் பையன், பக்கத்து அறையில் தங்கியிருந்த ஈரோட்டுக் குடும்பம் முழுக்க. ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் தைலம். "சாருக்கு மலை ஒத்துக்கலை, வளைவு அப்படி" என்றார் மேனேஜர். வளைவுகளில் வந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இடையில் மனிதர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் ஜீப் வந்தது, கைத்தாங்கலாக நான்கு பேர் இறக்கினார்கள். அந்த மனிதர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. "நேத்து என்ன சாப்பிட்டீங்க, விரதமா?" என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் சீட்டு போடும் இடத்தில் இருந்தவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலியா?"

"நான் வந்திருக்கேன்."

"கையெழுத்து போடணுமே."

"அதான், நான் வந்திருக்கேனே."

உள்ளே ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தன. பணியில் இருந்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். "எப்பெப்போ வருது சார்?" என்றார். "எப்பவும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஆடாம அசையாம இருக்கும்போது?" கொஞ்சம் யோசித்து, "அப்ப இல்லை." "ஒருதடவை வந்தா எவ்வளவு நேரம் இருக்கு?" "ரொம்ப நேரம்." நான் குறுக்கிட்டேன். "முக்கால் நிமிஷம் டாக்டர். நாலு தடவை பார்த்தேன். வலப்பக்கம் புரண்டாதான் வருது." டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் கேள்வியெல்லாம் என்னிடம்தான். இரட்டையாகத் தெரிகிறதா, விழுங்க முடிகிறதா, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி உண்டா, மரத்துப்போகிறதா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. சிரிப்பதும் கை தூக்குவதும் மட்டும் போதாது, மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதம் வாய் கோணாமலும் வரலாம் என்றார். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எலுமிச்சம்பழம் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இவருக்கு எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தார், அப்புறம் பிடிக்காமலும் நடந்தார்.

பிறகு ஒரு சோதனை. அவரைக் கட்டிலில் நீட்டி உட்கார வைத்து, தலையை வலது பக்கம் பாதியளவு திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி பிடித்தார். "கண்ணை மூடக்கூடாது சார்." இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் அவர் அலறினார், டாக்டர் என்னைப் பார்த்து, "கண்ணைப் பாருங்கம்மா" என்றார். கருவிழிகள் இரண்டும் மேல்நோக்கிச் சுழன்று சுழன்று வெட்டின. அரை நிமிடத்தில் தானாக நின்றன. அறை சுற்றுகிறது என்று ஒருவர் சொல்வது அவருடைய நினைப்பு அல்ல, அவருடைய கண்ணில் அது தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதே கட்டிலிலேயே சிகிச்சையும் நடந்தது. தொங்கிய தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார். பிறகு எழுப்பி உட்கார வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஊசி இல்லை, கருவி இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம்.

உள்காதில் நேர்கோட்டு அசைவையும் சாய்வையும் உணரும் ஒரு பை இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கும். நாம் கோலத்துக்கு அரைக்கிற கல்மாவின் தூசு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். படிகங்கள் கழன்று குழல் ஒன்றுக்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் திரவம் நகரும். சுற்றுகிறது என்று காது மூளைக்குச் சொல்லும், மூளை நம்பிக் கண்ணை ஓட்டும். தலையைச் சரியான வரிசையில் திருப்பினால் படிகங்கள் வந்த வழியே உருண்டு குழலைவிட்டு வெளியேறிவிடும். மாத்திரை குமட்டலை அடக்கும், படிகத்தைத் திருப்பி அனுப்பாது.

கழுத்தைத் திருப்பிச் செய்யும் அந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர். 1980 வாக்கில் அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் சிரித்தார்கள். 1992இல்தான் அவருடைய கட்டுரை பரவலாக வெளிவந்தது. முதலில் செய்த சோதனைக்கு டிக்ஸ்-ஹால்பைக் என்று பெயர். டிக்ஸ் ஒரு பெண், மார்கரெட் டிக்ஸ். லண்டனில் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கண்ணாடிச் சில்லுகள் முகத்திலும் கண்களிலும் ஏறி, அறுவை மேசைக்குத் திரும்ப முடியாமல் போனவர். அதன் பிறகு ஹால்பைக்கோடு சேர்ந்து நோயாளிகளின் கண்ணசைவைப் பார்த்துப் பார்த்து 1952இல் அந்தச் சோதனையை எழுதினார். கண் அடிபட்டவர் மற்றவர்களுடைய கண்ணைக் கவனித்ததை ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்த மருத்துவமனைக் கட்டிலருகே நடந்தது வேறு. டாக்டர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "படுக்கையில புரளும்போது வரும். எழுந்திருக்கும்போது வரும். மேல் அலமாரியைப் பார்த்தா வரும். குனிஞ்சா வரும். சில வாரம் இருந்து தானா போகும், மறுபடி வரும். ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல வருது, அம்பது வயசுக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி. எலும்புத் தேய்மானம் இருக்கிறவங்களுக்கு அதிகம்." நான் நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த தாளை அவர் வாசித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

அத்தைக்குப் பதினோரு வருடம். முதலில் வாசலில் கோலம் போடக் குனிந்தபோது வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் மாமா கூட்டிப்போனார். டாக்டர் மாமாவிடம் கேட்டார், மாமா டாக்டரிடம் சொன்னார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரும்புச்சத்து மாத்திரை. அடுத்த முறை இன்னொரு டாக்டர், கழுத்து எலும்பு என்று ஒரு பட்டை. அதற்கடுத்து, "வயசுக்கு இதெல்லாம் இருக்கும்மா, ரொம்ப யோசிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை. நானே இருமுறை கூட்டிப்போய் மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஒருவர்கூட அத்தையைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்க்கவில்லை. அத்தை தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். சாய்ந்து படுத்தார், பரணை விட்டார், கோலத்தை விட்டார், கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டார். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் கீழே நின்று தரையைப் பார்த்துக் கும்பிடுகிறவரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலைக்குள் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் செய்தி போய்விட்டது. நாத்தனார் என்னிடம், "அண்ணனை அந்தக் குளிருக்கு எதுக்கு அண்ணி கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள். கொழுந்தனார், கிளம்பி வரட்டுமா என்றார். பெங்களூரிலிருந்து மகள் மட்டும், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். கடைசியாக அத்தை பேசினார். மகனிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "ரூம் எந்தப் பக்கமா சுத்துச்சாம்?" என்று கேட்டார். வலப்பக்கம் புரண்டால் வருகிறதாம் என்றேன். "எனக்கு இடது" என்றார். ஒரு நொடி இரண்டு பேரும் பேசவில்லை.

சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு நாள் அவருக்குக் கப்பலில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. அது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் ஒருமுறை போய்க் காட்டினோம், சோதனையில் கண் துடிக்கவில்லை. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இரவு குளியலறை விளக்கை அணைக்கக் கூடாது. தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே மூச்சில் தண்ணீர் கொடுக்காமல் வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். "இப்ப எப்படி இருக்கு" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கக் கூடாது. கேட்டால் மனிதர் தலையை ஆட்டிப் பார்த்துச் சொல்கிறார்.

மூன்றாம் நாள் மதியம் அவர் தூங்கினார். பக்கத்தில் போன், தண்ணீர், வாளி. ரிசப்ஷனில் சொல்லிவிட்டு நான் கோக்கர்ஸ் வாக் போனேன். "சாரைத் தனியா விட்டுட்டா மேடம்?" என்றார் மேனேஜர். "தூங்குறார். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். கூப்பிட்டா நீங்க போய்ப் பாருங்க" என்றேன். ஒரு கிலோமீட்டர்தான் அந்தப் பாதை. பாதி தூரம் மூடுபனி, அப்புறம் ஒரு காற்றில் விலகி, கீழே சமவெளி தெரிந்தது. சூடாக மக்காச்சோளம் வாங்கித் தின்றேன். நல்ல மனைவி என்ன செய்வாள் என்று யோசிக்கவில்லை. சோளம் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

ஊர் திரும்ப வேண்டும். அவர் வண்டி ஓட்டக் கூடாது. மேனேஜர் ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு செய்கிறேன் என்றார். எனக்கு 2011இலிருந்து லைசென்ஸ் இருக்கிறது. திருச்சிக்குள் தினமும் ஓட்டுகிறேன். ஊர் எல்லையைத் தாண்டினால் சாவி அவர் கைக்குப் போய்விடும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அது அப்படித்தான். "நானே ஓட்டிக்கிறேன்" என்றேன். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்ட முடியாமல், "ஓட்டுவா" என்றார்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் பள்ளி மாஸ்டர் அன்றே சொல்லியிருந்தார், ஏற எந்த கியரோ இறங்கவும் அதே கியர், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடாகிக் கைவிடும், மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இரண்டாவது கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து இறங்கினேன். அவர் முன் சீட்டில் தலையைச் சாய்த்து, கண்ணை ஒரே இடத்தில் வைத்திருந்தார். வழக்கமாக நான் ஓட்டினால் "பிரேக், பிரேக்", "லெஃப்ட்ல விடு" என்று ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு வத்தலக்குண்டு வரை ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு அமைதியாக நான் ஒருபோதும் வண்டி ஓட்டியதில்லை. சமவெளி வந்ததும், "பரவாயில்லையே" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று எனக்குத் தெரியும், வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அத்தையைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மகனும் வந்தார். டாக்டர் மகனைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன பண்ணுது?" என்று ஆரம்பித்தார். அவர், "அம்மாவையே கேளுங்க டாக்டர்" என்றார். கொடைக்கானலில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அத்தை பதினோரு வருடத்தையும் ஆதியிலிருந்து சொன்னார், டாக்டர் இடைமறித்தபோதும் நிறுத்தவில்லை. அப்புறம் படுக்க வைத்தார்கள். கழுத்தைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக. இடது பக்கம் தலை தொங்கியதும் கண்கள் துடித்தன. அத்தை அலறவில்லை. "இதோ, இதோ, இதுதான்" என்றார், தொலைந்த நகையைக் காட்டுகிற மாதிரி.

இரண்டு முறை போக வேண்டியிருந்தது. மறுபடியும் வரலாம், வந்தால் மறுபடி செய்யலாம் என்றார் டாக்டர். வைட்டமின் டி பார்க்கச் சொன்னார், குறைவாக இருந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அத்தை கேட்டார், "இது அஞ்சு நிமிஷம்தானா?" ஆமாம் என்றேன். ஆட்டோவில் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது ஒரு தலையணையில் மல்லாந்து படுக்கிறார். மார்கழி பிறந்ததும் ஒருநாள் காலை இவர் காபி டம்ளரோடு உட்கார்ந்து, "அம்மா, அதான் சரியாயிடுச்சே, பழைய மாதிரி வாசல்ல பெரிய கோலம் போடலாம்ல?" என்றார்.

அத்தை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கும்தான் சரியாயிடுச்சு. நீ போடு."